காவடித் திருவிழாவுக்கு ஒரு பாதுகாப்புச் சேவை: டர்பன் கோவில் ஒன்றிலிருந்து மதிப்புரை

டர்பனுக்கு வடக்கே உள்ள எங்கள் கோவில், சென்ற தைப்பூசக் காவடித் திருவிழாவுக்காக ஒரு தனியார் செக்யூரிட்டி கம்பெனியை அமர்த்தியது. விழாவுக்கு முன்பே கோவிலையும் ஊர்வலப் பாதையையும் சுற்றிப் பார்த்து எங்கெல்லாம் ஆபத்துக்கு இடமிருக்கிறது என்று எழுதித் தருவது, தொண்டர்களுக்குப் பயிற்சி அளிப்பது, விழா நாளில் காவலர்களை அனுப்புவது ஆகியவை ஒப்பந்தத்தில் அடங்கும். எழுதித் தந்த அறிக்கை கொடுத்த பணத்தைவிடக் கூடுதல் பெறுமானம் உடையது; அனுப்பிய காவலர்கள் அந்த அறிக்கையின் தரத்தை எட்டவில்லை. கோவிலின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், ஓர் இடத்தின் பலவீனங்களைப் பேசும் கட்டுரை அந்த இடத்தின் முகவரியையும் சேர்த்துத் தரக் கூடாது என்பதுதான். கம்பெனியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லவிருக்கும் குறைகளில் பல, இந்நாட்டில் இத்தொழில் நடக்கும் முறையிலிருந்தே வருபவை. கோவில் நிர்வாகங்களில் இருப்பவர்கள் எந்தக் கம்பெனியிடமும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று அறிய இது உதவினால் போதும்.

2018 மே 10 அன்று வெருலத்தில் உள்ள இமாம் உசேன் பள்ளிவாசலுக்குள் கத்திகளோடு புகுந்த மூவர் ஒருவரைக் கழுத்தறுத்துக் கொன்றார்கள், இருவரைப் படுகாயப்படுத்தினார்கள், கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். சில நாட்களில் அதே பள்ளிவாசலுக்குள் வெடிபொருள் ஒன்றும் கண்டெடுக்கப்பட்டது. ஃபீனிக்ஸ், தொங்காட், மவுண்ட் எட்ஜ்கோம் பகுதித் தமிழர்களுக்கு வெருலம் அன்றாடம் போய்வரும் ஊர். அந்த வாரம் நான் கேட்ட பேச்செல்லாம் "நம்ம ஊரிலா, நம்பவே முடியவில்லையே" என்பதாகத்தான் இருந்தது. ஆனால் நம்ப முடியாதபடி அதில் என்ன இருந்தது? 1998 ஆகஸ்டில் கேப் டவுன் துறைமுக வணிக வளாகத்திலிருந்த பிளானட் ஹாலிவுட் உணவகத்தில் குண்டு வெடித்து உயிர்கள் போயின. அதே மாதம் தார் எஸ் சலாமில் அமெரிக்கத் தூதரகத்தைத் தகர்த்தவர்களில் ஒருவர், மறு ஆண்டு அக்டோபரில் கேப் டவுனில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். அவரை அமெரிக்காவிடம் ஒப்படைத்த முறை சட்டத்துக்கு மாறானது என்று 2001இல் நம் அரசியலமைப்பு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இவையெல்லாம் ரகசியக் கோப்புகளில் கிடந்தவையல்ல, நாளிதழ்களில் வந்தவை. வெருலத்துக்குப் பிறகும் செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன: பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தைத் துப்பறிந்து வழக்குத் தொடர்வதில் உள்ள குறைகளையும் ஒரு காரணமாகக் காட்டி, சர்வதேச நிதி நடவடிக்கைப் பணிக்குழு 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவைச் சாம்பல் பட்டியலில் (கூடுதல் கண்காணிப்பில் வைக்கப்படும் நாடுகளின் பட்டியல்) சேர்த்தது, 2025 அக்டோபரில்தான் நாடு அதிலிருந்து வெளியே வந்தது.

விலை கேட்டு நாங்கள் அழைத்த மற்ற கம்பெனிகள் பொருள்களை விற்கவே வந்தன. மெட்டல் டிடெக்டர் வாசலைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அச்சம் பரவும்போதெல்லாம் நிர்வாகங்கள் முதலில் கேட்பது அதைத்தான். காவடி நாளில் உலோகம் இல்லாமல் கோவிலுக்கு வருபவர் அரிது. நாக்கிலும் கன்னத்திலும் அலகு, முதுகில் கொக்கிகள், தேர் இழுப்பவருக்குச் சங்கிலி, காவடிக்கு உள்சட்டம், காலில் சலங்கை, பெண்கள் கையில் பித்தளைச் சொம்பும் தாம்பாளமும், தேங்காய் உடைக்க அரிவாள். அந்த வாசல் எல்லாருக்கும் ஒலிக்கும். எல்லாருக்கும் ஒலிக்கும் கருவியைக் கவனிப்பதைக் காவலர் சிறிது நேரத்தில் நிறுத்திவிடுவார். அதைவிடப் பெரிய கேடு, வாசலுக்கு வெளியே தேங்கும் வரிசை. 2011 ஜனவரியில் மாஸ்கோவின் தொமோதெதோவோ விமான நிலையத்தில் 37 பேரைப் பலிகொண்ட குண்டு, வந்திறங்குபவர்களை வரவேற்க மக்கள் கூடி நிற்கும் கூடத்தில் வெடித்தது. 2016 மார்ச்சில் பிரசல்ஸ் விமான நிலையத்தில் வெடித்தவை, பயணிகள் பெட்டிகளோடு சோதனைக்கு முன்னால் நிற்கும் புறப்பாட்டுக் கூடத்தில் வெடித்தன. 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் 22 பேரைக் கொன்றவன் நிகழ்ச்சி நடந்த இடத்துக்குள் போக முயலவே இல்லை. நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் கூடத்தில் காத்திருந்தான். சோதனை எந்த இடத்தில் வைக்கப்படுகிறதோ அதற்கு முன்னால் கூட்டம் தேங்கும் என்பதும், தேங்கிய கூட்டமே இலக்காகும் என்பதும் இத்துறையில் இருப்பவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்தவை. தெரிந்தும் அந்த வாசலை எங்களுக்கு வாடகைக்குத் தர முன்வந்தார்கள் என்பதே அவர்களை அமர்த்தாததற்குப் போதுமான காரணம்.

நாங்கள் தேர்ந்தெடுத்த கம்பெனியின் மதிப்பீட்டாளர், போலீஸ் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார், முதல் சந்திப்பிலேயே அந்த வாசல் எங்களுக்கு வேண்டாம் என்றார். பிறகு அவர் செய்ததுதான் இந்தச் சேவையின் சிறப்பு. நிர்வாகக் குழுவோடு பேசியதைவிட நெடுநேரம் அவர் வேறு ஆட்களோடு பேசினார்: இரவுக் காவலுக்கு இருக்கும் சுலு முதியவர் (அவரை நாங்கள் எல்லாரும் பாபா என்றுதான் அழைக்கிறோம்), அன்னதானச் சமையலை நடத்தும் அம்மா, பந்தல் போடுபவர், காவடி எடுப்பவர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுசேர்க்கும் பேருந்து ஓட்டுநர், வாசலில் பூ விற்கும் அக்கா. எல்லாரிடமும் கேட்டது ஏறத்தாழ ஒன்றே. இங்கே எதைக் கண்டு உங்களுக்குக் கவலை, அதை யாரிடம் சொன்னீர்கள், சொன்ன பிறகு என்ன நடந்தது? கூட இருந்த நான் கவனித்தவரை, முதல் கேள்விக்கு ஒருவர்கூட யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் சொன்னவற்றில் சரிசெய்யப்பட்டுவிட்டவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். பின்பக்கக் கதவு, தண்ணீர் மோட்டார் திருடுபோன நாளிலிருந்து சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி பொருளாளர் வீட்டில் இருக்கிறது, திருவிழா அன்றும் அது திறக்கப்படுவதில்லை என்றார் பாபா. சமையல் கேஸ் சிலிண்டர்கள் பந்தல் துணியை ஒட்டியே நிற்கின்றன, பெண்கள் பகுதிக்குப் போகும் ஒரே வழியும் அதுதான் என்றார் அம்மா. ஊர்வலம் பெரிய சாலையில் வரும்போது கொடி பிடித்த இரண்டு தொண்டர்களும் சில ஆரஞ்சுக் கூம்புகளும் மட்டுமே அதைக் காப்பதாகவும், அவசரக்கார டாக்ஸிகள் கூம்புகளை ஒதுக்கிக்கொண்டு நுழைவதாகவும் ஓட்டுநர் சொன்னார். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் பைகளைத் தன் கடைக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள், வேண்டாம் என்று சொல்லத் தனக்கு மனம் வருவதில்லை என்றார் பூக்கார அக்கா. 2016 ஜூலை 14 அன்று நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் ஒரு லாரி 86 பேரைக் கொன்றதும், அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் இன்னொரு லாரி புகுந்ததும் உலகம் அறிந்த செய்திகள். எங்கள் ஓட்டுநர் அந்த ஊர்களின் பெயரைச் சொல்லவில்லை. அவர் சொன்ன சாலைக்கும் அந்தச் சாலைகளுக்கும் உள்ள ஒற்றுமையை அறிக்கை சொன்னது.

பரிந்துரைகள் எளியவை. ஆற்றங்கரையில் பக்தர்களை இறக்கிவிட்ட பேருந்துகளையே ஊர்வலத்தின் முன்னும் பின்னும் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினோம். மெட்ரோ போலீஸாரின் ஒப்புதல் தவிர அதற்குச் செலவே இல்லை. பின்கதவின் பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ் போட்டோம். சிலிண்டர்கள் மதிலுக்கு அப்பால் போயின. பை வைக்கும் இடத்தைப் பூக்கடையிலிருந்து பிரித்து, பை எடுத்துவர வேண்டாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டோம். பந்தலுக்கும் மேளத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இவை ஒரு பொருட்டே இல்லை.

ஆனாலும் அறிக்கையில் என்னை உலுக்கியது பரிந்துரைகள் அல்ல. ஒவ்வொரு பலவீனத்துக்கும் எதிரே ஒரு கட்டத்தை மதிப்பீட்டாளர் ஒதுக்கியிருந்தார்: இதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில், என்ன முடிவு எடுக்கப்பட்டது. நிர்வாகக் கூட்டக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிப் படித்துத்தான் அதை நிரப்பியிருக்கிறார். பூட்டிய கதவும் கேஸ் சிலிண்டரும் சாலையும் குறிப்பேட்டில் ஏற்கெனவே இருந்தன. சிலவற்றின் எதிரே "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றும் இருந்தது. எங்கள் கோவிலில் ஏதேனும் விபரீதம் நடந்திருந்தால், எதிர்பாராதது நடந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லாரும் வாயாரச் சொல்லியிருப்போம்.

உலகை அதிரவைத்த தாக்குதல்களில் இந்தக் கட்டம் எப்படி நிரம்பியிருந்தது என்பதைப் பயிற்சி வகுப்பில் அவர் காட்டினார். 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டு 224 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆப்பிரிக்கர்கள், தூதரகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்திலும் தெருவிலும் இருந்தவர்கள். தூதரகக் கட்டடம் சாலையிலிருந்து குறைந்தது நூறு அடி தள்ளி இருக்க வேண்டும் என்று பெய்ரூட் தாக்குதல்களுக்குப் பிறகு, தூதரகப் பாதுகாப்பை ஆராய அமெரிக்கா அமைத்த இன்மன் குழு 1985இல் எழுதிவிட்டது. நைரோபித் தூதரகமோ நகரின் நெரிசல் மிக்க இரு சாலைகள் கூடும் முனையில் நின்றது. அங்கே தூதராக இருந்த புரூடன்ஸ் புஷ்னெல், கட்டடம் ஆபத்தான இடத்தில் இருக்கிறது என்று தலைநகருக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். பணம் இல்லை என்பதே சாரமான பதில்.

2001 செப்டம்பர் 11ஐ வானத்திலிருந்து விழுந்த இடி என்றே இன்றும் பலர் பேசுகிறார்கள். அதே உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் 1993 பிப்ரவரியில் வெடிகுண்டு லாரி வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். 1994 டிசம்பரில் அல்ஜியர்ஸில் கடத்தப்பட்ட பிரெஞ்சு விமானத்தை பாரிஸ் மீது மோதவிடும் எண்ணம் இருந்ததாக அப்போதே பேசப்பட்டது. 1995இல் மணிலாவில் பிடிபட்டவர் ஒருவர், விமானத்தை அமெரிக்க உளவுத் தலைமையகத்தின் மீது மோதும் யோசனையை விசாரணையில் சொன்னார். அமெரிக்க மண்ணிலேயே பெருந்தொகையில் அமெரிக்கர்கள் மடியக்கூடும் என்று அந்நாட்டின் பாதுகாப்பை ஆராய்ந்த ஹார்ட்-ரட்மன் குழு 1999இல் எழுதியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிபரின் மேசைக்கு வந்த குறிப்பின் தலைப்பே பின் லாடன் அமெரிக்காவுக்குள் தாக்கத் துணிந்திருக்கிறார் என்பது. இஸ்ரேலின் எல் அல் நிறுவனம் விமானி அறைக் கதவைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வலுப்படுத்தியிருந்தது. அமெரிக்க விமானங்களில் அந்தக் கதவு 2,977 பேர் இறந்த பிறகு, 2003 ஏப்ரலுக்குள் மாற்றப்பட்டது. ஒரு கதவு. இதைக் கேட்டபோது வகுப்பில் இருந்த தொண்டர்கள் எங்கள் பின்கதவைத்தான் நினைத்திருப்பார்கள்; நானும் அதைத்தான் நினைத்தேன்.

தமிழர்களாகிய எங்களை அதிகம் வருத்தியது இலங்கையின் கதை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் சுமார் 270 பேர் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை எச்சரித்தது. தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்பதும் தாக்கத் திட்டமிட்ட குழுவின் தலைவனின் பெயரும் அந்த எச்சரிக்கையில் இருந்தன. ஏப்ரல் 11 தேதியிட்ட போலீஸ் கடிதம் அதிகாரிகளிடையே சுற்றியது. அதற்கு முன்பு, ஜனவரியில், வனாத்தவில்லுவில் பெருமளவு வெடிபொருள் பிடிபட்டிருந்தது. அதற்கும் முன்பு, அந்தத் தலைவனின் பேச்சைக் கேட்டு அஞ்சிய காத்தான்குடி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். தேவாலயங்களுக்குச் சென்ற மக்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் கடமையில் தவறியதற்காக 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், முதுகில் பையோடு வந்த அந்நியனைச் சந்தேகித்து வாசலிலேயே தடுத்து நிறுத்தியவர், எந்த எச்சரிக்கையும் கிடைக்காத ஒரு சபை உறுப்பினர். அவரும் இறந்தார். அவனை உள்ளே விடாததால் பிழைத்தவர்கள் பலர்.

பின்னால் திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரியும், முன்னால் அப்படித் தெரியாது என்று ஒரு மறுப்பு உண்டு. எங்கள் குழுவிலும் அது எழுந்தது. அது சரியான மறுப்புதான். 2022 அக்டோபர் 26 அன்று, அந்த மாதம் 29ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க்கின் சாண்டன் பகுதியில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் வெளிப்படையாக எச்சரித்தது. அதிபர் ராமபோசா, தங்களோடு கலந்து பேசாமல் இப்படி வெளியிட்டது வருந்தத்தக்கது என்றார். நாடு முழுவதும் பரபரப்பு. அந்த நாள் அமைதியாகக் கழிந்தது. அடுத்த வாரம் பேச்சும் ஓய்ந்தது. எச்சரிக்கைகளில் பல இப்படித்தான் கழிகின்றன. அதனால்தான் அடுத்ததை மக்கள் பொருட்படுத்துவதில்லை. இதற்கு மதிப்பீட்டாளர் தந்த பதிலை நான் முழுமையாக ஏற்கிறேன்: எந்த நாள், எந்த ஆள் என்ற எச்சரிக்கை பொய்க்கலாம், பூட்டிய கதவு பொய்க்காது. 2000 மார்ச் 24 அன்று சாட்ஸ்வொர்த்தில் த்ரோப் நடன அரங்கில் ஒரு கண்ணீர்ப்புகைக் குப்பி திறந்துவிடப்பட்டது. வெளியே ஓட முண்டியடித்த நெரிசலில் 13 பிள்ளைகள் மாண்டார்கள். அங்கே குண்டு இல்லை, பயங்கரவாதி இல்லை. டர்பன் தமிழ்க் குடும்பங்களில் அந்த நாளை மறந்தவர் இல்லை. அறிக்கை பரிந்துரைத்தவற்றுள் ஏறத்தாழ எல்லாமே தீ விபத்துக்கும் நெரிசலுக்கும் மழைவெள்ளத்துக்கும் உதவுபவையாக இருந்ததால்தான், தாக்குதல் என்ற பேச்சையே விரும்பாத மூத்த உறுப்பினர்களும் அதற்குக் கையெழுத்திட்டார்கள்.

தொண்டர் பயிற்சி ஒரு பிற்பகல் நேரம் நடந்தது, அதன் நடுநாயகமான பகுதி மான்செஸ்டர் விசாரணை அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. பெரிய முதுகுப்பையோடு ஓர் இளைஞன் கேமரா எட்டாத மூலையில் நெடுநேரம் இருந்தான். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த ஒருவர் அவனைக் கண்டு ஐயுற்று ஊழியரிடம் சொன்னார். பதினெட்டு வயதுக் காவலர் ஒருவருக்கும் ஐயம் எழுந்தது. ஆனால் நிறத்தைப் பார்த்துச் சந்தேகித்ததாகப் பழி வருமோ என்று அஞ்சி அவர் நெருங்கவில்லை, வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டு அறையை அழைக்க முயன்றபோது இணைப்புக் கிடைக்கவில்லை. அந்தக் கூடத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்தது, முடிவெடுக்க வேண்டியவருக்குப் போய்ச் சேரவில்லை. இதற்கு மதிப்பீட்டாளர் சொன்ன வழி, முகத்தைப் பார்க்காமல் எல்லாரையும் ஒரே மாதிரி வரவேற்பது. "வணக்கம் ஐயா, யாருடைய காவடிக்கு வந்திருக்கிறீர்கள்?" என்று வாசலில் நிற்கும் தொண்டர் ஒவ்வொருவரிடமும் கேட்பார். திருவிழாவுக்கு வந்தவர் மகனுடையது, அக்கா பேரனுடையது, சும்மா பார்க்க வந்தேன் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் புன்னகையோடு உள்ளே போவார். யாரும் அவமதிக்கப்படுவதில்லை, அதே நேரத்தில் உள்ளே வரும் ஒவ்வொருவரின் கண்ணையும் ஒருவர் பார்த்துவிடுகிறார். எங்கள் பெண்கள் குழு இதை வெகு இயல்பாகச் செய்தது. பதில் சொல்லாமல் நகர்பவரைப் பற்றி உடனே சொல்ல ஒரே ஒருவரை நியமித்து, அவருடைய எண்ணை எல்லாரும் கைபேசியில் பதிந்துகொண்டார்கள்.

இனி விழா நாள் காவலர்கள். தென்னாப்பிரிக்காவில் தனியார் காவலர்களின் தொகை போலீஸாரின் தொகையைப் போல இரு மடங்குக்கும் மேல். அவர்களை 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தனியார் பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் பிசிரா ஆணையம் பதிவு செய்து, ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறது. பயிற்சிக்கு வந்து எங்கள் கோவிலைச் சுற்றிப் பார்த்த காவலர்களையே விழாவுக்கும் அனுப்புவதாகக் கம்பெனி வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. விடியற்காலையில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் வேறு ஒரு துணைக் கம்பெனியிலிருந்து முந்தைய இரவு வேலை முடித்து நேரே வந்தவர்கள். களைத்திருந்த அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அம்மா கொடுத்த இட்லியை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். ஆனால் பின்கதவின் தாழ் எப்படித் திறக்கும் என்பது அங்கே நின்றவருக்குத் தெரியாது. பாபாதான் அவருக்குச் சுலுவில் விளக்கிச் சொன்னார். வாக்கிடாக்கிகள் இரண்டு வெவ்வேறு அலைவரிசையில் இருந்தன என்பது முற்பகலில்தான் தெரியவந்தது. மான்செஸ்டர் கதையை எங்களுக்குக் கற்பித்த கம்பெனியே இப்படிச் செய்ததை என்னால் எளிதில் விட முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஊர்வலப் பாதையில் ஒவ்வோர் ஆண்டும் காவடி எடுப்பவர்களுக்குத் தண்ணீர் தரும் முஸ்லிம் குடும்பம் ஒன்று உண்டு. அந்த வீட்டு இளைஞர் தண்ணீர்ப் பெட்டியோடு வந்தபோது காவலர் ஒருவர் அவரை மட்டும் நிறுத்தி, தொப்பியைக் காட்டி, கடுமையாக விசாரித்தார். தொண்டர்கள் ஓடிப்போய் அழைத்துவந்தார்கள், தலைவர் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். இது மனம் புண்படும் விஷயம் என்பதோடு நிற்பதில்லை. வெருலத்தில் கொல்லப்பட்டவர் தொழ வந்த இடத்தில் கொல்லப்பட்ட ஒரு முஸ்லிம். காத்தான்குடியில் முதலில் எச்சரித்தவர்களும் முஸ்லிம்கள். எது மாறியிருக்கிறது, யார் புதிதாக வந்திருக்கிறார் என்பதை நம்மிடம் முதலில் சொல்லக்கூடிய அண்டை வீட்டாரைத் துரத்திவிட்டால், நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது தெரியாமலேயே போகும். கம்பெனி எழுத்தில் வருத்தம் தெரிவித்தது. அந்தக் காவலருக்கு எங்கள் தொண்டர்கள் பெற்ற பயிற்சி தரப்படவே இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டது.

அறிக்கையின் மொழி பற்றியும் ஒரு குறை. முழுவதும் ஆங்கிலத்தில், துறைச் சொற்கள் மண்டிக் கிடந்தது. தகவல் தந்த அம்மாவும் பாபாவும் அதைப் படிக்க முடியாது. எங்கள் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கினார், பாபாவின் மகள் சுலுவில் எழுதித் தந்தார். இதைக் கம்பெனியே செய்திருக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் சேர்த்து ஆன கட்டணம், பந்தல் வாடகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. காவலர்களுக்கு அதைவிட அதிகம் கொடுத்தோம், குறைவாகப் பெற்றோம். சிறிய கோவில்கள் மதிப்பீட்டை மட்டும் வாங்கினாலே போதும் என்பது என் எண்ணம். குறைந்தது 2,000 பேர் கூடக்கூடிய இடமானால் 2010ஆம் ஆண்டின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் பாதுகாப்புச் சட்டம் சமய விழாக்களையும் சாலை வழி ஊர்வலங்களையும் சேர்த்தே பேசுகிறது என்பதைப் பல நிர்வாகங்கள் அறியாமலிருக்கின்றன. போலீஸார் நிகழ்ச்சியின் ஆபத்து நிலையை வகைப்படுத்த, விழாவுக்கு வெகு முன்பே மனுக் கொடுக்க வேண்டும். அச்சட்டமும் 2001 ஏப்ரலில் எல்லிஸ் பார்க் மைதான நெரிசலில் 43 பேர் இறந்த பிறகு வந்ததுதான். பிரிட்டனில், மான்செஸ்டரில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் நெடும்போராட்டத்தால், 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்கள் தாக்குதலுக்கான ஆயத்தத்தைச் செய்துவைத்திருக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. அப்படி ஒரு சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கோவில் குறிப்பேட்டைத் திறந்து படிக்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

வரும் ஆண்டுக்கும் இதே கம்பெனியையே அமர்த்தக் குழு முடிவெடுத்திருக்கிறது, நானும் ஆதரித்தேன். இந்த முறை நிபந்தனைகள் எழுத்தில் உள்ளன: காவலர்களின் பெயரும் பிசிரா பதிவெண்ணும் விழாவுக்கு ஒரு வாரம் முன்பே தரப்பட வேண்டும், அந்தப் பட்டியலில் இல்லாதவர் வந்தால் அவருக்கான கட்டணம் இல்லை, எல்லாக் காவலர்களும் தொண்டர்களோடு ஒன்றாகப் பயிற்சி பெற வேண்டும், முந்தைய மாலையில் வாக்கிடாக்கிகளைக் கோவிலின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஊர்வலப் பாதையின் கடைசி முனையிலிருந்தும் சோதித்துக் காட்ட வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் சுலுவிலும் வேண்டும். எங்கள் பக்கத்திலும் ஒரு கடமையை ஏற்றிருக்கிறோம். பாபாவும் அம்மாவும் ஓட்டுநரும் பூக்கார அக்காவும் சொல்வதைக் கேட்பதற்கென்றே தை மாதத்துக்கு முன்பு ஒரு கூட்டம் நடக்கும், அதில் எழுதப்படும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரின் பெயரும் முடிக்க வேண்டிய தேதியும் குறிப்பேட்டில் இடம்பெறும்.